கூட்ட மணி

நான் பிறந்த ஊரும் வாழ்க்கைப்பட்ட ஊரும் குளச்சல் பக்கத்தில் அடுத்தடுத்த கடற்கரை ஊர்கள். நடந்தால் கால் மணி நேரம். அங்கே கோயில் மணி அடித்தால் இங்கே கேட்கும். சாவுக்கு ஒவ்வொன்றாக, நிதானமாக அடிப்பார்கள். விடாமல் அடித்தால் அது கூட்ட மணி, எந்த அவசரத்துக்கும். ஆண்கள் போட்டது போட்டபடி கோயில் முற்றத்துக்கு ஓடிவிடுவார்கள். என் சின்ன வயதில் அது அடித்ததெல்லாம் பக்கத்து ஊரோடு வலைத்தகராறு வந்தபோதுதான்.

சுனாமிக்குப் பிந்தைய வருஷங்களில் கடலை நம்பவே முடியவில்லை. ஆனி, ஆடியில் சீறினால் புரிந்துகொள்ளலாம். காற்றும் மழையும் இல்லாத சித்திரை வெயிலில் சத்தம் காட்டாமல் ஊருக்குள் ஏறியது. கள்ளக்கடல் என்பார்கள். முன்பு எப்போதாவது வந்தது, பிறகு வருஷம் தவறுவதில்லை.

கணவரின் ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர். எங்கள் பக்கம் மணல் சேர்ந்து வள்ளம் ஏற்றி வைக்க இடம் கிடைத்தது. அந்தச் சுவரால் திசை திரும்பிய கடல் என் பிறந்த ஊரின் கரையைத் தின்றது. முதல் வரிசை வீடுகள் போயின. அவர்கள் கல் லாரிகளை மறித்தார்கள். அடிதடி, போலீஸ், பிறகு இரண்டு ஊருக்கும் இடையே போக்குவரத்தே நின்றது. தம்பி என் வீட்டுக்கு வருவதை விட்டான். இங்கே நான் ‘அந்த ஊர்க்காரி’ ஆனேன். கல்லைக் கொட்டியது யாரோ, தண்ணீர்க் குழாயடியில் வாங்கிக் கட்டிக்கொண்டது நான். வாய்க்கு வாய் கொடுக்காமல் நானும் இருந்ததில்லை.

ஒரு சித்திரை ஞாயிறு. பூசை முடிந்து குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. அங்கே கூட்ட மணி அடிக்கத் தொடங்கியது.

கணவர் சட்டையை எடுத்தார். “ஏட்டி, உங்க ஊரு மணிதானே? எதுக்கு அடிக்கியானுவ?”

காலையில்தான் ஒருத்தி என்னைக் குத்திப் பேசியிருந்தாள். அந்த எரிச்சல் எனக்கு. “எதுக்கா? ஆளு சேக்கதுக்குத்தான். இனி பாத்துக்கிடுங்க.”

அவர் அதைப் போய் எங்கள் கோயில் முற்றத்தில் சொன்னார். மணியைப் பற்றி அந்த ஊர்ப் பெண்ணுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? எங்கள் ஊர் ஆண்கள் எல்லையில் போய் நின்றார்கள். வளைவுக்குக் கொட்டி மிஞ்சிய சில்லுக் கற்கள் அங்கேதான் கிடந்தன.

முதலில் வந்தவன் என் தம்பி. தோளில் நாலைந்து துடுப்புகள். கம்பு என்று நினைத்தார்கள். கல் பறந்தது. அவனுக்குப் பின்னால் பானையும் பாயும் பிள்ளைகளுமாகப் பெண்கள் வந்தபோதுதான் யாரோ கத்தினார்களாம்: “எறியாதீங்கலே, அங்க கடலு கேறிட்டு!” அவர்கள் இடுப்புவரை நனைந்திருந்தார்கள். தம்பி அன்று என் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தான்.

இடது கண் போயிற்று. யார் எறிந்த கல் என்று எவனும் சொல்லவில்லை. கணவரிடம் நான் கேட்கவுமில்லை.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட முகத்தோடு தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். “அக்கா, நம்ம மணிச் சத்தம் ஒனக்குத் தெரியாதா? அத்தான்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்பிடாதா?”

சொன்னேன் என்று இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.