உமரிச் செடிக்குள் பாம்பு

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் துணியில் குறை தெரிந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. அது போக மற்ற நேரமெல்லாம் பயப்படுவேன். லிஃப்ட் பாதியில் நின்றுவிடுமோ, பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விடுமோ என்று ஏதாவது ஒரு பயம். கம்பெனி முழுக்க இது தெரியும்.

துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்டப் படம் வேண்டும் என்று போன வருஷம் எங்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். அலை ஏறி இறங்கும் சேற்றில் அலையாத்திக் கன்று நட வேண்டுமாம். சொந்த ஊர் ஆற்றில் சாயத் தண்ணீர் நுரைத்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைத் தாண்டியவர்கள், ஊரான் கடலைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டோம். ஆளுக்கொரு பச்சை டீசர்ட் வேறு. அதில் பாதி, தையல் கோணல் என்று நானே அம்பு ஒட்டித் தள்ளியது.

எங்கள் மேனேஜருக்குத் தையல் லைனும் ஒன்றுதான், சேறும் ஒன்றுதான். கயிறு கட்டி எங்களை வரிசையாக நிறுத்தினார். மணிக்கு இத்தனை கன்று என்று டார்கெட் வைத்தார். அவசரத்தில் பலர் பிளாஸ்டிக் பையோடு கன்றைப் புதைத்தார்கள். அதையெல்லாம் அவர் பார்க்கவில்லை. கயிறு நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம், பாய் விரித்த மாதிரி உமரிச் செடி குட்டை குட்டையாகப் படர்ந்திருந்தது.

"இதென்னம்மா களை? போட்டோவுல அசிங்கமா விழும். செக்கிங் ஆளுங்க வாங்க. லைன்ல இல்லாததைப் பூராப் புடுங்குங்க."

பிடுங்கினேன். சொன்னதைச் செய்கிற கழுதைதானே நானும். இரண்டாவது பிடியில் உமரி வேரோடு ஒரு சின்னக் கன்றும் வந்தது. இரண்டே இலை. நாங்கள் நட்டுக்கொண்டிருந்த அதே அலையாத்தி, தானாக முளைத்தது.

கன்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அந்த ஊர் அக்கா ஓடி வந்தார். "ஐயோ, புடுங்காதீங்க! உமரி நின்னாத்தான் அலை கொண்டாற விதை அதுல தங்கும். நண்டெல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு. நீங்க நடுறதுல பாதி நிக்காது. இது நிக்கும்."

மேனேஜர் சிரித்தார். "ஏனுங்க, நாங்க செடி நட வந்திருக்கறமுங்க. களைக்குக் காவல் இருக்க வரலீங்க." மரியாதைக்கு எங்கள் ஊரில் குறைச்சலே கிடையாது.

காலையிலிருந்து எதெதற்கோ பயந்தவளுக்கு, இப்போது அந்த இரண்டிலைக் கன்றுக்காகப் பயம் வந்தது. அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. சொன்னாலும், படித்த அவருக்கு ஏறியிருக்காது. கன்றை இருந்த குழியிலேயே அழுத்தி வைத்துவிட்டுக் கத்தினேன்.

"சார், பாம்புங்க! உமரிக்குள்ள பூந்துருச்சுங்க!"

முதலில் கரையேறியவர் மேனேஜர்தான். அவருடைய ஷூ ஒன்று சேற்றிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் உமரிப் பக்கம் போகவில்லை. படமெல்லாம் கரையோரமாகவே எடுத்தார்கள்.

அக்கா பக்கத்தில் வந்து, "பாம்பா? நான் பாக்கலையே" என்றார்.

"நானும் பாக்கலீங்க. சத்தமாப் பேசாதீங்க."

படம் இப்போது கம்பெனி வரவேற்பறையில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. மேனேஜர் நடுவில் நிற்கிறார், இடுப்புக்கு மேல் மட்டும். இந்த வருஷமும் போகிறார்களாம். நேற்று அவரே செக்கிங் டேபிளுக்கு வந்தார்.

"ஏம்மா, அந்தப் பாம்பு இன்னும் அங்கயே இருக்குமா?"

தலையை நிமிர்த்தாமல் சொன்னேன். "இந்நேரம் குட்டி போட்டிருக்குமுங்க சார்."