ஒரே ஆபரேஷன், மூன்று பெயர்

இருமல் வருவது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தொண்டை கரகரத்ததுமே முழங்கால்களை ஒட்டி வைத்து, தலையணையை வயிற்றோடு இறுக்கி, கண்ணை மூடிக்கொள்வாள். இருமி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அசையமாட்டாள். "தையல் பத்திரமா இருக்குக்கா" என்பாள் என்னிடம், கடையில் துணியின் ஓரத்தை இழுத்துப் பார்த்துச் சொல்கிற அதே குரலில்.

துணிக்கடையில் மீட்டர் போட்டு வெட்டிக் கொடுப்பவள் அவள். நாள் முழுக்க நின்றபடிதான் வேலை. மேல்தட்டிலிருந்து துணிச்சுருளைத் தோளில் சாய்த்து இறக்கி, மேஜைமேல் உருட்டிவிடுவாள். கத்தரியை ஒரே ஓட்டமாக ஓட்டினால் ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்கும். இப்போது ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டரின் கட்டளை. பக்கத்து வீட்டிலிருந்து நான்தான் போய்த் துவைத்ததைக் காயப்போட்டுவிட்டு வருகிறேன்.

மகள் பிறந்தபோது கிழிந்தது சரியாகக் கூடவில்லை. உள்ளே தாங்கிப் பிடிக்கும் தசை தளர்ந்து, கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. மகள் பள்ளிக்கூடம் போகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள். அத்தனை வருஷமும் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தும்மல் வந்தால் சுருள்களுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள். ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டதற்கு, "எங்க வலிக்குதுன்னு கேட்டா கைய வெச்சுக் காட்ட முடியாத எடமாச்சே டாக்டர்" என்றாள். ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் வேண்டியிருந்ததால்தான் எனக்கே விஷயம் தெரியும்.

மற்றவர்களுக்கு வேறு கதை. வீட்டுக்காரம்மாவிடம் குடல்வால், கடையில் குடலிறக்கம், நாத்தனாரிடம் ஏதோ கட்டி. "யாருக்கு எதைச் சொன்னேன்னு எனக்கே மறந்துபோச்சு. மூணு பேரும் ஒண்ணா சந்திச்சுட்டா, என் வயித்துக்குள்ள மிச்சம் எதுவும் இருக்காதுக்கா." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்ப்பாள். சிரித்தால் இழுக்கும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொள்வாள்.

கணவர் லாரி ஓட்டுகிறவர். எங்கேயாவது வண்டியை ஓரங்கட்டிவிட்டு போன் செய்வார். "அது தேவலையா?" என்பார். "ம்" என்பாள். பிறகு மகளின் வீட்டுப்பாடத்தைப் பற்றிப் பேசுவார்கள். "நல்ல மனுஷன்தான். ஆனா ஆரம்பத்துலேர்ந்தே எங்களுக்குள்ள அதுக்கு 'அது'ன்னுதான் பேரு" என்றாள் ஒருமுறை, போனை வைத்துவிட்டு. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மகளுக்கு அம்மா மடியில் இப்போது இடமில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து படம் வரைகிறது பிள்ளை.

"என்னத் தூக்கிக்க டாக்டர் எப்பம்மா விடுவாரு?"

"விடுவாரு. நீ அதுக்குள்ள வளந்துடாத."

நேற்று மகள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில், கடையில் பில் போடும் பெண் பார்க்க வந்தாள். பிரசவ லீவு முடிந்து இப்போதுதான் வேலைக்குத் திரும்பியவள். நாற்காலி நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்து, முதலாளியின் புதுக் கெடுபிடிகளை ஒன்றுவிடாமல் சொன்னாள். கிளம்ப எழுந்தவள் நின்றாள். தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அக்கா, ரொம்ப நேரம் நின்னா கீழ ஏதோ எறங்குற மாதிரி இருக்கு. கொழந்த பெத்தா எல்லாருக்கும் அப்படித்தானாமே?"

இவள் போர்வையின் மடிப்பை நீவி நீவிச் சரிசெய்தாள்.

"யாரு சொன்னா?"

"எங்க மாமியார்."

"உக்காரு. எனக்குக் குடலிறக்கம்னு உங்கிட்ட சொன்னேன்ல, அது இல்ல."

ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, நான் நீட்டிய கையை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு எழுந்தாள். சுவரைப் பிடித்தபடி வாசல்வரை மெல்ல நடந்துபோய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள்.