கொடிகாமத்துச் சந்தையில் ஒரு மலையூர்

கொடிகாமம் சந்தையில் மாம்பழமும் பலாப்பழமும் விற்கிற உதயகலா வாழ்க்கையில் ஒரு மலையைக்கூட நேரில் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் மலைக்கு எங்கே போவது? தென்னையில் ஏறினால் ஊர் முழுக்கத் தெரிகிற தட்டை நிலம் இது. ஆனால் சுவிஸ் மலைகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஊரைப் பற்றி அவளிடம் வாயைக் கொடுத்துப் பாருங்கள். வாங்க வந்த பழத்தை மறந்துவிட்டு வீட்டுக்குப் போவீர்கள்.

அந்த ஊரின் பெயர் நம் நாக்குக்கு லேசில் அகப்படாது. அதனால் சந்தைக்காரர்கள் அதற்குக் ‘கலாவின்ரை ஊர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்தில் தேங்காய் விற்கிற சண்முகநாதன் காலையில் வந்து சாக்கை விரிக்கும்போதே, “என்ன பிள்ளை, உம்மடை ஊரிலை இண்டைக்கும் பனியோ?” என்று தொடங்குவார். அவளும் விடமாட்டாள்.

“பனி எல்லாம் உருகீட்டுது அண்ணை. மாடுகளை மேலை மேய்ச்சலுக்கு ஏத்தியாச்சு. இனி இலையுதிர் காலத்திலைதான் இறங்குமாம், தலையிலை பூ வைச்சுக் கொண்டு.”

“எங்கடை பட்டிப்பொங்கல் மாதிரி எண்டு சொல்லும்.”

“ஓம். ஆனால் அங்கத்தை மாட்டுக் கழுத்து மணி எங்கடை கோயில் மணியளவு.”

அந்த ஊரில்தான் அவளுடைய தம்பி கஜீபன் ஒரு ஹோட்டல் குசினியில் சமைக்கிறான். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் உதயகலா. கலியாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்டால், நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பலாப்பழத்தைப் பிளக்கத் தொடங்குவாள். யுத்த காலத்தில் அகதியாகப் போனவன் கஜீபன். அகதியாக இருக்கிறவரை இலங்கைப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தால்தான் அக்காவின் முகத்தை நேரில் பார்க்கலாம். அதற்கு முதலில் அந்த ஊர்ச் சபை அவனைக் கூப்பிட்டு இருத்தி, ஊரின் மலை என்ன, ஆறு என்ன, பழைய கதை என்ன, சனம் எப்படிச் சீவிக்குது என்றெல்லாம் கேட்கும்.

முதல்முறை கூப்பிட்டபோது அவன் கோட்டை விட்டான். சுற்றியுள்ள சிகரங்களின் பெயரைக் கடகடவென்று ஒப்புவித்தான். பனி சரிந்து வந்து பழைய தெருவை மூடிய கதையையும் சொன்னான். அப்போது ஒருவர், “உங்கள் பக்கத்து வீட்டில் இருப்பது யார்?” என்று சாதாரணமாகக் கேட்டார். கஜீபனுக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சக் காலம் ஊரோடு பழகிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

போனில் இதைக் கேட்ட உதயகலாவுக்கு வந்த கோபம் சந்தை முழுக்கக் கேட்டது. “பக்கத்து வீட்டுக்காரன் ஆரெண்டு தெரியாதோ? இவ்வளவு காலமும் உங்கை என்ன செய்தனீ? வீட்டுக்கும் குசினிக்கும் நடந்து திரிஞ்சனீயோ?”

“இஞ்சை ஒருத்தரும் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை அக்கா.”

“நீ கதைச்சுப் பாத்தனீயோ?”

அன்றிலிருந்து அவள் பாடம் எடுக்கத் தொடங்கினாள். மத்தியானம் சந்தை ஓய்ந்ததும் போனை எடுப்பாள். மலையின் உயரம் அவளுக்குத் தேவையில்லை. ஆருக்கு ஆர் சொந்தம், ஆர் ஆரோடு கோபம், எந்த வீட்டுப் பிள்ளை ஊர் பாண்ட் வாத்தியத்தில் ஊதுது என்பதெல்லாம் தேவை. தெரியாது என்றால், போய்க் கேட்டுக்கொண்டு வா என்று போனை வைத்துவிடுவாள்.

ஒருநாள் அவன், மலையில் உருகுகிற தண்ணீரைத் தோட்டங்களுக்குக் கொண்டுவருகிற பழைய வாய்க்கால் ஒன்று இருப்பதாகவும், அதை வீட்டுக்கு வீடு முறை வைத்துத் திறப்பார்கள் என்றும் சொன்னான். உதயகலா நிமிர்ந்து இருந்தாள். அவளுடைய தகப்பனின் தோட்டத்துக்குத் தண்ணீர் வந்தது பங்குக் கிணற்றிலிருந்து. முறை தவறினதால் முறிந்த சொந்தங்களை அவள் சின்ன வயதிலேயே கண்டிருக்கிறாள்.

“அப்ப முறைக்குச் சண்டை வந்திருக்குமே. ஆர் அதைத் தீர்த்து வைக்கிறது?”

அந்த வாய்க்காலைக் காவல் பார்த்தவர் அல்பேட் என்ற கிழவர் என்றும், அவர்தான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் என்றும் விசாரித்தபோது தெரியவந்தது. கஜீபன் பயந்து பயந்து போய்க் கதவைத் தட்டினான். வாய்க்கால் என்றதும் கிழவர் கதிரையை இழுத்துப் போட்டார். பிறகு வேலை இல்லாத பின்னேரங்களில் இவனே போய் அவருடைய வாசலில் இருந்தான். கேட்ட கதையெல்லாம் அடுத்தநாள் கொடிகாமம் வந்து சேர்ந்தது. சண்முகநாதனுக்கும் அல்பேட்டை நல்லாய்ப் பிடித்துப் போயிற்று.

அடுத்த நேர்முகத்துக்குத் திகதி குறித்துக் கடிதம் வந்த அதே கிழமை அல்பேட் இறந்துபோனார்.

“செத்த வீட்டிலை அடுப்பு மூட்டாயினம். நீ சமைச்சுக் கொண்டு போ,” என்றாள் உதயகலா. அவளைப் பொறுத்தவரை இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அயல் வீட்டுக்காரன் வேறு எதற்கு இருக்கிறான்?

கஜீபனும் மறுபேச்சில்லாமல் பெரிய சட்டிகள் நிறையச் சோறும், கத்தரிக்காய்க் குழம்பும், பருப்பும் சமைத்துத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே எல்லாரும் கறுப்பு உடுப்போடு சத்தமில்லாமல் நின்றார்கள். மேசையில் பாணும் பாற்கட்டியும் வைனும் இருந்தன. வாசலில் குழம்பு மணக்க மணக்க நின்றவனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கிழவரின் மகள் மொனிக்கா வந்து, ஒன்றும் கதைக்காமல் சட்டிகளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“உங்கடை கதையைக் கேட்டு நான் மானம் கெட்டுப் போனன் அக்கா,” என்று ஏசினான் கஜீபன். “இஞ்சை அப்பிடி ஒரு பழக்கமே இல்லை. விசரன் எண்டு நினைச்சிருப்பினம்.” அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. இவள் எடுத்தாலும் பதில் இல்லை.

உதயகலாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை ஊருக்கு வருகிறதை நானே கெடுத்துவிட்டேனே என்ற நினைப்பு அவளை அரித்தது. வாய்க்காலும் மலையும் வாயில் வரவில்லை. சண்முகநாதனும் பனியைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

நேர்முகம் நடந்த அன்று நல்ல மாம்பழச் சந்தை. கறுத்தக்கொழும்பான் குவிந்து கிடந்தது. அவளோ மாம்பழம் கேட்டவனுக்குப் பலாச்சுளையையும் பலா கேட்டவனுக்கு மாம்பழத்தையும் கொடுத்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் போன் அடித்தது. விரலில் பலாப்பால். தொட்டால் ஒட்டும் என்று சண்முகநாதன்தான் போனை எடுத்து அழுத்தி அவளுக்கு முன்னால் பிடித்தார்.

“அக்கா, உள்ளை போனால் மொனிக்கா இருக்கிறா. அவவும் சபையிலை ஒராளாம்.”

“பிறகு?”

“முதல் கேள்வியே அதுதான். பக்கத்து வீட்டிலை ஆரெண்டு.”

“சொன்னனீயோ?”

“சொல்லத் தொடங்கினன், நிப்பாட்ட ஏலேல்லை. வாய்க்கால் கதை, முறைச் சண்டையைத் தீர்த்த கதை எல்லாம் சொன்னனான். தனியாய் இருந்த ஒரு மனிசியின்ரை தோட்டத்துக்கு அவர் தன்ரை முறை வாற நாளெல்லாம் விடிய எழும்பித் தண்ணி திறந்து விட்டதையும் சொன்னனான். அது மொனிக்காவுக்கே தெரியாதாம். கண்ணைத் துடைச்சுக்கொண்டு இருந்தவ.”

“முடிவைச் சொல்லடா.”

“சரி எண்டிட்டினம் அக்கா.”

உதயகலா குந்தியிருந்த இடத்திலேயே சத்தம் போட்டு அழுதாள். வெட்கப்படவில்லை. சண்முகநாதன் போனைப் பிடித்தபடியே வந்தவன் போனவனுக்கெல்லாம் “பொடியன் வாறான்” என்று அறிவித்தார்.

“அக்கா, இன்னும் இருக்கு. வெளிக்கிடேக்கை மொனிக்கா சட்டியளைத் திருப்பித் தந்தவ. அண்டைக்குச் செத்த வீட்டிலை அவ்வளவு சனமும் என்ரை சோத்தையும் குழம்பையும்தான் சாப்பிட்டதாம்.”

“வெறுஞ்சட்டியோ?”

“இல்லை. தோட்டத்து அப்ரிகொட் பழம் நிறைச்சுத் தந்தவ. சமைச்சுக் கொண்டு போகச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது எண்டு கேட்டவ. என்ரை அக்கா எண்டன். ஊர்ப் புதினமெல்லாம் விசாரிக்கச் சொன்னதும் அவதான் எண்டன். அப்ப உங்கடை அக்கா இஞ்சை, இந்த ஊரிலை, எந்தத் தெருவிலை இருக்கிறா எண்டு கேட்டவ.”

உதயகலா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். “நீ என்ன சொன்னனீ?”

“வாற மாம்பழக் காலத்திலை கொடிகாமம் போய் அக்காவைப் பாத்திட்டு வந்து சொல்லுறன் எண்டனான்.”