அம்மாவின் மிஷினுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டில் கரப்பான்பூச்சிக்குப் பயப்படும் ஒரே ஆள் அம்மாதான். அதைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு அப்பாவைக் கூப்பிடுவார். அப்பாவும் புலி வேட்டைக்குப் புறப்பட்டவர் மாதிரி விளக்குமாற்றோடு வருவார். அப்படிப்பட்ட அம்மா, கம்பெனியில் தகரத் தகட்டை ஒரே அடியில் டப்பா மூடியாக்கும் பிரஸ் மிஷினை ஓட்டுகிறார் என்று சொன்னபோது என் வகுப்பில் ஒருத்தியும் நம்பவில்லை. அவர்களை என்ன சொல்வது, எனக்கே அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஆயுத பூஜைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். ஒதியம்பட்டு மெயின் ரோட்டில் கம்பெனி வேன் ஏறியதிலிருந்து, வில்லியனூர் தாண்டி இறங்கும்வரை அம்மா எனக்குப் பாடம் நடத்தினார். எதையும் தொடக்கூடாது, தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது. அவருக்கு அன்று வேறொரு படபடப்பும் இருந்தது. பூஜை முடிந்ததும் ஒரு மிஷினை ஓட்டி, அதில் விழும் முதல் மூடியைச் சாமி படத்தின் முன் வருஷம் முழுக்க வைத்திருப்பது அங்கே வழக்கம். அந்த முறை முதல் அடி அம்மாவின் மிஷினில்தான் என்று முதலாளியே சொல்லியிருந்தார். அம்மா அப்போது தற்காலிக வேலையில் இருந்தார். பூஜைக்குப் பிறகு சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் முதலாளி மனம் கோணக்கூடாது என்று அப்பாவும் சொல்லி அனுப்பியிருந்தார்.

உள்ளே போனதும் அம்மாவின் மிஷினைத்தான் தேடினேன். தேர் நிலையில் நிற்கும்போது பக்கத்தில் போய் அண்ணாந்து பார்ப்போமே, அதன் முன்னால் நின்றபோது அப்படித்தான் இருந்தது. வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, அது கல்யாண மாப்பிள்ளை போல நின்றது.

ஸ்டோரில் கையுறை எடுத்துக் கொடுக்கும் பெண்மணி ஒருவர் எல்லாருக்கும் பொரி கடலை கொடுத்துக்கொண்டு வந்தார். அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்குப் பெரியம்மா. தட்டை மேசைமேல் வைத்துவிட்டு எனக்கும் அள்ளிக் கொடுத்தார், இடது கையால். எங்கள் வீட்டில் இடது கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலே திட்டு விழும். இங்கே பிரசாதத்தையே கொடுக்கிறார், ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவோ இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெரியம்மாவின் வலது கை முந்தானைக்குள்ளேயே இருந்தது. கடைசியில் கொடுப்பதற்காக ஏதோ நல்ல பண்டத்தை ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்து, அங்கேயே ஒரு கண் வைத்திருந்தேன்.

பூஜையில் முதலாளி ஒவ்வொரு மிஷினுக்கும் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். அம்மாவின் மிஷினில், தகடு வைக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் நெற்றிபோல ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடிப் பட்டை இருந்தது. இரண்டின் நடுவிலும் ஒவ்வொரு பெரிய பொட்டு. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். அம்மா போய் நின்று பெடலை மிதித்தார். மிஷின் அசையவில்லை. மறுபடி மிதித்தார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பொட்டு கண்ண மறைக்குது சார். கை உள்ள இருக்குதுன்னு நெனச்சிக்கினு நிக்குது."

அந்தக் கண்ணாடிப் பட்டைதான் மிஷினுக்குக் கண்ணாம். உள்ளே கை இருந்தால் பார்த்துவிட்டு, இறங்காமல் நின்றுவிடுமாம். இரும்புக்குக் கண் இருக்கிறது என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

துடைத்தால் தீர்ந்தது. ஆனால் யார் துடைப்பது? முதலாளி கைப்பட வைத்த பொட்டு. "பூஜ அன்னிக்குப் பொட்ட அழிக்கறதா? வேணாம்பா," என்று முதலாளியின் மனைவி பதறினார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்தார்.

"ஒரு அடிதான சார். சாவியப் போட்டுட்டா கண்ணு வேல செய்யாது, மிஷின் ஓடும்." போட்டுத் திருப்பியும் விட்டார். "நீ தகட வைம்மா."

அம்மா அசையவில்லை.

"இன்னாம்மா நிக்கிற? நேரம் போவுது."

"சாவி போட்டா நா உள்ள கைய வுட மாட்டேன் சார்."

தோசை வேணுமா என்று என்னிடம் கேட்கும் அதே குரல். அத்தனை பேர் பார்க்க, முதலாளியின் முகம் சுருங்குவதும் தெரிய, அந்தக் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. மிஷின் பக்கத்தில் ஒரு மரக்குச்சி இருந்தது. தினமும் வேலை தொடங்கும் முன் அதை நீட்டித்தான் கண் விழித்திருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அம்மா அதை எடுத்து உள்ளே நீட்டிப் பெடலை மிதித்தார். இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். காதைப் பொத்திக்கொண்டேன். குச்சியின் ஒரு துண்டு உருண்டு வந்து மஞ்சள் கோட்டருகே நின்றது. மற்றது அம்மா கையில் இருந்தது.

பொரித் தட்டோடு நின்ற பெரியம்மா தட்டை வைத்துவிட்டு முன்னால் வந்தார். அங்கே கிடந்த துணியை இடது கையால் எடுத்தார். முதலில் இந்தப் பக்கத்துப் பொட்டு, பிறகு அந்தப் பக்கத்துப் பொட்டு. நிதானமாக, ஒரு சொட்டுச் சந்தனம் மிச்சமில்லாமல் துடைத்தார். முதலாளியின் மனைவி வாயைத் திறந்தவர், பெரியம்மாவைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். சூப்பர்வைசர் சாவியை உருவிப் பையில் போட்டார். ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை பேரையும் அடக்க முடியும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அம்மா மீதி அரைக் குச்சியை நீட்டி மறுபடி மிதித்தார். மிஷின் இறங்கவில்லை. அவ்வளவு பெரிய இரும்பு, ஒரு அரைக் குச்சிக்காக நின்றது! பிறகுதான் அம்மா தகட்டை வைத்துக் கையை எடுத்து மிதித்தார். முதல் மூடி பளபளவென்று வந்து விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்து, "இங்க வைக்கலாமாம்மா?" என்று அம்மாவைக் கேட்டு, மிஷினின் காலடியில் புதுப் பொட்டு வைத்தார். நாலு நாள் கழித்து ஆபீசில் வந்து பார்க்கச் சொன்னார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அப்போது தெரியவில்லை. நல்லதுக்குத்தான் என்பது பிறகு தெரிந்தது.

எனக்கு ஒரே ஒரு குறை. கடைசிவரை பெரியம்மா அந்த வலது கையை வெளியே எடுக்கவே இல்லை. திரும்பும்போது வேனில் கேட்டேன்.

"பெரிம்மா கைய ஏம்மா முந்தானைக்குள்ளவே வச்சிருந்தாங்க? அதுல இன்னா இருக்குது?"

அம்மா என் வலது கையை எடுத்து மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக நீவினார்.

"எனக்கு முன்ன அந்த மிஷின்ல அவுங்கதான் இருந்தாங்க. அவுங்கள சாவி போட்டு ஓட்டச் சொன்னாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குப் பிரமிப்பு தாங்கவில்லை. அம்மாவே தொட மாட்டேன் என்ற சாவி போட்ட மிஷினை ஓட்டியவர் என்றால் பெரியம்மா எவ்வளவு பெரிய ஆள்! அதனால்தான் முதலாளியே அவர் முன்னால் தலை குனிந்து நின்றிருக்கிறார்.

"நானும் பெருசானா சாவி போட்டுதாம்மா ஓட்டுவேன்," என்றேன்.

அம்மா என் விரல்களை மொத்தமாக மடக்கித் தன் கைக்குள் வைத்து இறுக்கினார். ஒதியம்பட்டில் இறங்கும்வரை விடவில்லை. கை வலித்தது. சந்தோஷமான நாளில் அம்மா ஏன் இப்படிப் பிடிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.