கொளஞ்சிக்காக வாங்கிய ஜீப்பு

வண்டி வாங்கப் போகிறவன் கூட நாலு ஆம்பிளையைக் கூட்டிக்கொண்டு போவான். கன்னியப்பன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனான். மூலக்குளத்தில் அதற்கே ஒரு வாரம் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சிரித்தவன் எவனும் அந்த வீட்டு அடுப்பை எட்டிப் பார்த்தவனில்லை.

அந்தப் பெண்டாட்டிதான் தனக்கொடி. தவளக்குப்பத்தில் பிறந்தவள். வாய் நீளம் என்று பேர். புருஷனோ மில்லில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவன், வாயில்லாப் பூச்சி. மில்லில் கொடுத்து அனுப்பியதை எல்லாம் போட்டு ஓர் ஆயில் எஞ்சினும் பம்பும் வாங்கினான். அதை ரெண்டு சக்கரம் வைத்த இரும்பு டிரெய்லரில் ஏற்றி போல்ட்டு போட்டு முடுக்கிவிட்டான். கிணற்றில் தண்ணீர் இருந்தும் இறைக்க வழியில்லாத சம்சாரிகள் கூப்பிடுவார்கள். இவன் எஞ்சினைக் கொண்டுபோய் நிறுத்தி, வயல் நனைகிற வரைக்கும் இறைத்துவிட்டு, அடுத்த கிணற்றுக்குப் போவான். குடும்பமும் கூடவே போகும். களத்து மேட்டிலேயே சமையல், மரத்தடியிலேயே தூக்கம்.

நல்ல பிழைப்புத்தான். ஆனால் எஞ்சின் கனம் கொஞ்சநஞ்சமில்லை. மாடு கட்டினால் வில்லியனூர் போவதற்குள் நுரை தள்ளிவிடும். பிரெஞ்சுக் கொடி இறங்கி, துரைமார்கள் கப்பலில் ஏற்ற முடியாததை எல்லாம் விற்றுக்கொண்டிருந்த சமயம் அது. கன்னியப்பன் முசியே என்று கூப்பிடுகிற ஒரு துரை வீட்டுக் கறுப்புக் காரைப் பார்த்தான். பார்த்தவன் மயங்கினான். சின்ன வயசில் அந்த மாதிரிக் காருக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டே ஓடியவன், வேறு என்ன செய்வான் பாவம். வாங்கிவிட்டான்.

அந்தக் கார் டிரெய்லரை ஒரு பருவம் இழுத்தது. அப்புறம் கியர் பெட்டி கையை விரித்துவிட்டது. சாமான் பிரான்சிலிருந்து வரவேண்டும் என்றார்கள். எந்தக் கப்பலும் அதைக் கொண்டுவரவில்லை. அதற்குள் இவனை நம்பியிருந்த ரெண்டு பேர் வயல் கருகிப்போனது. அதில் ஒருத்தர் வந்தார். காய்ந்த நெற்பயிரை ஒரு கை கொண்டுவந்து இவர்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனார். அதோடு யாரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். எஞ்சின் பூவரச மரத்தடியில் நின்றது. அதன்மேல் கோழி அடைந்தது.

தனக்கொடிக்கு ரெண்டு பெண். பெரியவள் ஜெயம். சின்னவள் கொளஞ்சி, விருத்தாசலத்துப் பக்கம் கொளஞ்சியப்பர் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்தவள். அப்போதுதான் பல் விழ ஆரம்பித்திருந்தது. விருத்தாசலத்துப் பக்கத்திலேயேதான் தனக்கொடியின் அண்ணன் முருகையன் பெண் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். நெல்லும் கரும்புமாக நல்ல வாழ்க்கை. பிள்ளை மட்டும் இல்லை. அவன் ஒருநாள் அரிசி மூட்டையோடு வந்து இறங்கினான்.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னான். “கொடி, நான் சுத்தி வளைச்சுப் பேசல. சின்னவள எங்கிட்ட குடுத்துடு. ஒன் அண்ணி அன்னக்கிளி ராசாத்தி மாதிரி வளப்பா. ஒனக்கும் ஒரு வயிறு கொறையும்.”

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் தனக்கொடி கிழிகிழியென்று கிழித்திருப்பாள். அவன் கெட்டவனில்லை. சொன்னதும் பொய்யில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் பொங்கிய சோறே அவன் கொண்டுவந்த அரிசிதான்.

“ஆடிப்பெருக்கு வரைக்கும் பொறுண்ணே,” என்றாள். “அதுக்குள்ள நாங்க எழுந்து நின்னுட்டா அவ எங்க பொண்ணு. இல்லன்னா நானே கொண்டாந்து வுடறேன்.”

“பேச்சு மாற மாட்டியே?”

“மாற மாட்டேன்.”

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் வீட்டுக்குப் போனால் கொளஞ்சி நாலு மாசம் இருந்துவிட்டு வருகிற கதை இல்லை. அன்னக்கிளி மடியில் விழுந்த பிள்ளை அன்னக்கிளி பிள்ளைதான். அது அவளுக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

மறுநாளே தவளக்குப்பத்தில் அப்பா அவள் பேருக்கு எழுதி வைத்த துண்டு நிலத்தை விற்றாள். அது போனால் பின்னால் எதுவும் கிடையாது. “இந்தத் தடவ வண்டிய நான் பாக்கறேங்க,” என்று புருஷனிடம் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். முதல் தடவை பார்த்தவன் அவன்தானே, அவனுக்குப் பேச என்ன இருக்கிறது.

நெல்லித்தோப்பில் கலியபெருமாள் என்று ஒரு வண்டித் தரகர். அவர் கொட்டகையில் ரெண்டு வண்டி நின்றது. ஒன்று ஏற்காட்டுக் காபித் தோட்டத்திலிருந்து வந்த வேகன். உயரமான பெரிய வண்டி, மெத்தை வைத்த ஸீட்டு, தலைக்கு மேலே கெட்டியான கூரை. குடும்பமே கால் நீட்டிப் படுக்கலாம். இன்னொன்று மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப்பு. தார்ப்பாய்தான் கூரை, தகரம்தான் ஸீட்டு, ஆனால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ரெண்டுக்கும் சாமான் மதராசிலேயே கிடைக்கும் என்றார் கலியபெருமாள். கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

கொளஞ்சி நேரே போய் வேகனில் ஏறிப் படுத்துக்கொண்டாள். “அம்மா, இதுவே வாங்கலாம்மா,” என்றாள். கன்னியப்பனுக்கும் அதன்மேல்தான் கண். தனக்கொடி ரெண்டு பேரையும் ஒரு முறை முறைத்தாள். அழகைப் பார்த்து வாங்கி அழிந்தது போதாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ரெண்டையும் ஆத்துக்கு ஓட்டுங்க,” என்றாள் தரகரிடம்.

“ஆத்துக்கா? எதுக்கும்மா?”

“எங்கப்பா மாடு பாக்கற மாதிரி பாக்கணும்.”

அவள் அப்பா மாடு பார்ப்பதில் பேர் போனவர். பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், ஆனால் கடைசியில் நம்புவது ஒன்றைத்தான். ஆற்று மணலில் ஒரு பார வண்டியை நிறுத்தி, சக்கரம் உருளாதபடி ஆரக்கால்களுக்குள் கட்டையைச் செருகிக் கட்டிவிடுவார். அதை இழுக்கிற மாடுதான் மாடு. அவர் பார்த்து வாங்கிய மாடு ஒன்றுகூட சோடை போனதில்லை. தனக்கொடி பாவாடை கட்டின காலத்திலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள். உலகத்தில் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு விஷயம் அது.

வில்லியனூர் ஆற்றில் கூட்டம் கூடிவிட்டது. எஞ்சினோடு டிரெய்லரை மணலில் இறக்கி, சக்கரத்தைக் கயிற்றால் கட்டி, போதாததற்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களில் நாலு பேரை அதன்மேல் ஏறி உட்காரச் சொன்னாள். முதலில் வேகனைப் பூட்டினார்கள். அது உறுமியது, மணலை வாரி இறைத்தது, தன் கனத்தாலேயே அச்சு வரைக்கும் புதைந்து நின்றது. அப்புறம் ஜீப்பு. ஒரு முனகல்தான். கட்டின சக்கரத்தோடு, உட்கார்ந்த ஆளோடு, டிரெய்லரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கரையேறிவிட்டது. ஊரே கைதட்டியது. சிரித்தவனெல்லாம் வாயை மூடிக்கொண்டான்.

தனக்கொடி வேகனில் படுத்துத் தூங்கிப்போயிருந்த கொளஞ்சியைத் தூக்கி ஜீப்பில் உட்காரவைத்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டாள்.

சித்திரையும் வைகாசியும் நன்றாகவே போயிற்று. அந்த வருஷம் வெயில் மண்டையைப் பிளந்தது. உழவர்கரைப் பக்கம் ஒருத்தர் பயந்து பயந்து கூப்பிட்டார். சொன்ன நாளில், சொன்ன வேளைக்கு ஜீப்பு போய் நின்றது. அவர் நாலு பேரிடம் சொன்னார். வாசலில் காய்ந்த பயிரைப் போட்டவரே ஒருநாள் வந்து, சங்கடத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு, “எங்க கெணத்துக்கும் வரணும்,” என்றார். ஜீப்பு ஒரு இடத்தில் நிற்கவில்லை, ஒரு நாள் படுக்கவில்லை. வீட்டில் சொந்த அரிசி பொங்கினார்கள். தனக்கொடி கொளஞ்சிக்கு ஆடிக்குப் பாவாடைத் துணி எடுத்து வைத்தாள். அண்ணனுக்கும் ஒரு வேட்டி எடுத்தாள், பெண்ணைத் தருவதற்கில்லை என்பதை மனசு நோகாமல் சொல்லி அனுப்புவதற்கு.

ஆனி கடைசியில் கோரிமேட்டுக்கு மேலே ஒரு மணிலாக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிக்கு இறைக்கப் போனார்கள். வேலை முடிந்து சாயங்காலம் குடும்பத்தோடு திரும்பினார்கள். பாழாய்ப்போன மழை, வேண்டிய மாசமெல்லாம் வராமல் அன்றைக்கு ஒரு தூறல் போட்டுவிட்டுப் போயிருந்தது. செம்மண் ரோட்டில் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கல். மேட்டிலிருந்து ஊர்ப்பக்கம் சரிவில் இறங்கும்போது தனக்கொடிக்கு முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது.

“மெதுவா போங்க,” என்றாள்.

“மெதுவாத்தான் போறேன். பின்னாடி தள்ளுது,” என்றான் கன்னியப்பன். அவன் குரலே மாறியிருந்தது.

பிரேக்கை மிதித்தான். ஜீப்பு கேட்டது. டிரெய்லர் கேட்கவில்லை. அதற்கு ஏது பிரேக்கு. அது ஜீப்பின் பின்பக்கத்தைப் பிடித்து நெம்பி, குறுக்கே திரும்பி, கொக்கியை முறித்துக்கொண்டு, தனியாக உருண்டு போய் ஒரு பனைமரத்தில் மோதியது. ஜீப்பு ரோட்டோரத்தில் சுழன்று நின்றது. அதற்கு ஒரு கீறல் இல்லை. தனக்கொடி ரெண்டு பிள்ளைகளையும் தலையிலிருந்து கால் வரைக்கும் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அப்புறம்தான் இறங்கிப் பனைமரத்தடிக்குப் போனாள்.

எஞ்சின் போல்ட்டைப் பிய்த்துக்கொண்டு விழுந்து கிடந்தது. கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. எண்ணெய் செம்மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வழிகிற எண்ணெயைக் கையால் அடைத்துப் பிடித்தாள். அது சுட்டது. சுட்டும் எடுக்கவில்லை. கன்னியப்பன் வந்துதான் கையைப் பிரித்து எடுத்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பள்ளத்தில் இறங்கும்போது மாடு காலை ஊன்றி, கழுத்தைக் கொடுத்து, பாரத்தைத் தாங்கிக்கொண்டே இறங்கும். எந்த மாடும் அதைத் தானாகச் செய்யும். அப்பா அதை ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லை, சோதிக்க வேண்டியிருக்கவில்லை. அவளும் சோதிக்கவில்லை. அந்த வேகன் எதனால் மணலில் புதைந்தது? கனத்தால். அந்தக் கனம் இன்றைக்கு டிரெய்லருக்கு முன்னால் இருந்திருந்தால் அது இப்படித் தள்ளியிருக்காது. கொளஞ்சி கேட்ட வண்டி அது. தனக்கொடி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

உடைந்த துண்டு ஒன்றைக் கூடையில் வைத்துக்கொண்டு டவுனில் இருக்கிற பட்டறை ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். வார்ப்பிரும்பு ஒட்டாது என்றார்கள். ஒட்டிப் பாருங்கள் என்று கெஞ்சினாள். ஒருத்தர் மனசு கேட்காமல் ஒட்டியும் கொடுத்தார். எஞ்சின் ரெண்டு முழக்கம் முழங்கி, ஒட்டின இடத்திலேயே திரும்பப் பிளந்தது. ஜீப்பை விற்று எஞ்சின் வாங்கினால் இழுக்க வண்டியில்லை. ஜீப்பை வைத்துக்கொண்டால் இழுக்க எஞ்சினில்லை. ஆள் ஏற்றி வாடகைக்கு ஓட்டலாம் என்று கன்னியப்பன் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றான். கோரிமேட்டுக் கதை அவனுக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. பிள்ளைகுட்டியோடு வந்தவர்கள் ஒதுங்கிப் போய் மாட்டுவண்டியில் ஏறினார்கள். அரிசிப் பானையில் கையை விட்டால் அடி தட்டியது.

“நான் போயி மச்சான் கால்ல வுழறேன்,” என்றான் கன்னியப்பன்.

“வுழுந்து?” என்றாள் தனக்கொடி. “பொண்ணு ஒங்ககிட்டயே இருக்கட்டும்பாரு. நல்ல மனுஷன். அப்புறம் அவளுக்கு என்னா பொங்கிப் போடறது?”

முருகையன் ஆள் அனுப்பவில்லை, கேட்கவுமில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை பிடித்திருக்கலாம்.

ஆடிப்பெருக்கன்றைக்குக் காலையில் ஜீப்பைக் கழுவித் துடைத்தான் கன்னியப்பன். ஜெயம் அழுது அழுது முகம் வீங்கி, வர மாட்டேன் என்று பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கொளஞ்சிக்கு மாமா ஊருக்குப் போகிற குஷி. புதுப் பாவாடை வேறு. தன் ஆட்டுக்குட்டி இல்லாமல் வர மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். கன்னியப்பன் வளைந்து கிடந்த டிரெய்லரை ஒருமாதிரி நிமிர்த்தி, புதுக் கொக்கி போட்டு ஜீப்பில் மாட்டினான். எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு தகரப் பெட்டியும் ஆட்டுக்குட்டியும் ஏறின.

அரியாங்குப்பம் பாலம் தாண்டும்போது தனக்கொடி வேண்டிக்கொள்ள ஆரம்பித்தாள். கொளஞ்சியப்பா, இந்த வண்டி படுத்துக்கட்டும். டயர் வெடிக்கட்டும், ரேடியேட்டர் கொதிக்கட்டும், ஏதாவது ஒன்று ஆகட்டும். பிள்ளையோடு ரோட்டோரத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். இன்றைக்குப் போகாமல் நாளைக்குப் போனால் இன்னும் ஒரு ராத்திரி என்னோடு படுப்பாள். தவளக்குப்பத்தில் சந்தைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. இங்கேயாவது நில்லேன் என்று மனசுக்குள் ஜீப்பைத் திட்டினாள். கூட்டம் விலகியது. ஜீப்பு போய்க்கொண்டே இருந்தது.

கடலூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் கன்னியப்பன் தானாகவே நிறுத்தினான். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தான். உள்ளே ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். வெகுநேரம் நின்றான். தனக்கொடி இறங்கிப் பக்கத்தில் போய் நின்றாள்.

“என்னாங்க?”

“ஒண்ணுமில்ல,” என்றான். அவன் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. “எல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

ரெண்டு பேரும் இன்னும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் அவன் பானெட்டை மூடினான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அன்னக்கிளி ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். முருகையன் தங்கச்சி முகத்தைப் பார்க்க முடியாமல் டிரெய்லர் பக்கம் போய் ஆட்டுக்குட்டியை அவிழ்த்தான். கொளஞ்சி குதித்து இறங்கி ஓடி அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, எங்க ஜீப்பு அவ்ளோ தூரம் வந்துச்சா, ஒரு எடத்துலகூட மக்கர் பண்ணல மாமா,” என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “இல்லம்மா?”

“ஆமாண்டி,” என்றாள் தனக்கொடி. “ஒரு எடத்துலகூட பண்ணல.”