கடைசித் தேதி இல்லாத பச்சைக் கட்டம்

வேலையையும் ஊர் சுற்றுவதையும் எப்படிச் சமமாக வைத்துக்கொள்வது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதியவன் நான். எழுதியபோது எனக்கு வயது இருபத்தேழு. அதுவரை நான் போயிருந்த பயணங்கள் மொத்தம் நான்கு. இரண்டு சாவு, ஒரு கல்யாணம், ஒரு கதிர்காமம். கதிர்காமம் போகும் வழியில் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் மடியில் வாந்தி எடுத்தேன். இந்தத் தகுதியோடுதான் காரியத்தில் இறங்கினேன்.

சண்டையை நிறுத்தி, சமாதான காலம் என்று எல்லோரும் சொன்ன காலம் அது. பதுளை டவுனில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆறு கம்ப்யூட்டர்கள். நான்கு ஓடும். ஒன்றில் மட்டும் இன்டர்நெட், அதுவும் டெலிபோன் லைன் வழியாக. மலையில் மழை பிடித்தால் லைன் போய்விடும். அப்பா மடுல்சீமைப் பக்கத் தோட்டத்தில், நான் பிறந்த அதே லயக் காம்பராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், தனியாக இருந்தார். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா நான் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துபோய்விட்டார். எனவே சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து மேலே போவேன், ஞாயிறு சாயங்காலம் இறங்கிவிடுவேன்.

எல்ல என்கிற மலையூரில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் மாதக்கணக்கில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ரயிலேறி எங்கள் மாடிக்கு வருவார். அவருடைய ஊர்க் கம்பெனிக்கு ஏதோ மொழிபெயர்த்து இங்கிருந்தே ஈமெயிலில் அனுப்புகிற வேலை. ஒருநாள் லைன் வரக் காத்திருந்தபோது தன் குறையைச் சொன்னார். வேலை செய்தால் ஊர் பார்க்க முடியவில்லையாம். ஊர் பார்க்கப் போனால் வேலை கெடுகிறதாம். இரண்டையும் நாள் நாளாகப் பிரித்துக்கொடுக்கிற ஒரு புரோகிராம் இருந்தால், தன்னைப்போல இருப்பவர்களுக்கெல்லாம் உதவுமே, உன்னால் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். எனக்குத் தெரியாத காரியங்களுக்கு நான் உடனே முடியும் என்று சொல்லிவிடுவேன். தெரிந்தவற்றுக்குத்தான் யோசிப்பேன்.

முதல் நாளே தடுக்கியது. எங்கள் இருவரின் இங்கிலீஷையும் தமிழில் போட்டால் இப்படி வரும்.

"நீங்கள் போகிற இடத்தில் யார் இருக்கிறார்கள்?"

"யாரும் இல்லை. மலை இருக்கிறது."

"மலையில் யாருக்காவது சுகமில்லையா?"

"இல்லை. சும்மா பார்க்கத்தான்."

நாங்கள் அந்தக் காட்சிக்குள்ளேயே குடியிருந்தோம். அதிலே கொழுந்து கிள்ளினோம், அதிலே வழுக்கி விழுந்தோம். அதைப் பார்ப்பதற்கு ஒருவர் கடல் தாண்டி வந்திருக்கிறார் என்பதை மனதுக்குள் ஏற்றிக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

வேலை நாட்களுக்கு நீலக் கட்டம், பயண நாட்களுக்குப் பச்சைக் கட்டம் என்று வைத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் கடைசித் தேதி கேட்கும். பயணத்துக்குக் கேட்காது. வேலை இழுத்துக்கொண்டு போனால் நீலக் கட்டம் நீளும், பச்சைக் கட்டம் தானாகவே நகர்ந்து அடுத்த வெற்றிடத்தில் போய் உட்காரும். அந்த நகர்வை எழுதி முடிக்க இருபது நாள் ஆயிற்று. வழுக்கிக்கொண்டு போகும், பார்க்க அவ்வளவு அழகு. வகுப்புக்கு வந்த பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

வெள்ளைக்காரர் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார். "பயணத்துக்கும் ஒரு கடைசித் தேதி வேண்டாமா?"

"மலை எங்கேயும் ஓடிப் போகாது" என்றேன்.

அவர் சிரித்தார். ஆள் சிரித்துவிட்டால் விஷயம் முடிந்தது என்பது என் சின்ன வயதுப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் அடியிலிருந்தும் அப்படித்தான் தப்பினேன்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. எழுபதுகளின் கடைசியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, அத்தையும் மாமாவும் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள். பிறகு சண்டை வந்தது, வடக்கே போகிற ரோடு மூடியது. இருபத்தைந்து வருஷமாக அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொள்ளவில்லை. சமாதானத்தில் ரோடு திறந்ததும் அத்தையிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணே, ஒருக்கா வந்துட்டுப் போங்க, கண்ணு சரியாத் தெரியல, முழுசா மறையிறதுக்குள்ள உங்க மொகத்தப் பாக்கணும் என்று யாரோ ஒரு பிள்ளையை விட்டு எழுதியிருந்தார்.

அப்பா கண்டி தாண்டிப் போனதில்லை. சிங்களம் தெரியும், ஆனால் சோதனைச் சாவடியில் யூனிஃபார்மைக் கண்டால் எல்லா மொழியும் மறந்துவிடும். நான் கூட வந்தால்தான் உண்டு.

"எப்ப தம்பி போகலாம்?"

"இந்த வேலை முடியட்டும்ப்பா. வர்ற மாசம்."

"என்னா வேலை அது?"

"வேலை செய்றவங்க எப்ப ஊர் சுத்தப் போகலாம்னு சொல்ற மிஷின்."

அப்பா யோசித்தார். "அத நம்ம தோட்டத்துத் தொரைமாருக்குக் காட்டிறாத. லயத்த இடிச்சிட்டு ஓட்டல் கட்டிருவாங்க."

எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரிகிறதல்லவா.

புரோகிராமைச் சோதித்துப் பார்க்க ஒரு பயணம் தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த ஒரே பயணம் அப்பாவுடையதுதான். 'அப்பா, கிளிநொச்சி, ஐந்து நாள்' என்று பச்சையில் போட்டேன். அது தைப்பொங்கலுக்குப் பிறகு இருந்தது. வேலை நீண்டது, சித்திரைக்கு நகர்ந்தது. வெள்ளைக்காரர் நிறத்தை மாற்றச் சொன்னார், எழுத்தை மாற்றச் சொன்னார், அது ஆடிக்குப் போனது. ஒவ்வொரு முறையும் கட்டம் சரியாக நகர்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

ஆடியில் ஒரு காலை அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பு மாடியில் வந்து நின்றார். முதல் பஸ்ஸில் இறங்கியிருக்கிறார். வெள்ளைச் சட்டை, தோளில் பை. பைக்குள் மாற்று வேட்டியும், தங்கைக்கென்று ஃபேக்டரிக் கூட்டாளியிடம் சொல்லி வாங்கிய இரண்டு பாக்கெட் தேயிலையும் இருந்தன. 'ஆடி முதல் வாரம் கட்டாயம்' என்று நான்தான் சொல்லியிருந்தேன். சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை.

"வா தம்பி, கண்டி பஸ்ஸு ஏழரைக்காம்."

"அப்பா, இன்னைக்கு அந்த வெள்ளைக்காரர் வர்றாரு. நாளன்னைக்கு அவர் ஊருக்குப் போறாரு. முடிச்சுக் குடுக்கணும்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை. நான் என் ஆயுதத்தை எடுத்தேன். கைபிடித்து ஸ்க்ரீன் முன்னால் உட்காரவைத்தேன்.

"இந்தப் பச்சை என்னா தெரியுமா? நம்ம பயணம். நீங்கதான் அதுல இருக்கீங்க."

"நானா?" குனிந்து பார்த்தார்.

நீலத்தில் இரண்டு நாள் கூட்டினேன். பச்சை வழுக்கிக்கொண்டு போய் அடுத்த மாதத்தில் உட்கார்ந்தது.

"அட, எங்கடா போனேன்?"

"ஆவணிக்குப் போயிட்டீங்க. பஸ்ஸு செலவே இல்லாம."

அப்பா சிரித்தார். பல் இல்லாத பக்கமும் தெரியச் சிரித்தார். இன்னொரு தடவை காட்டு என்றார், காட்டினேன். புரட்டாசிக்குப் போனார். இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது வெள்ளைக்காரர் மாடியேறி வந்தார். அப்பா எழுந்து நின்று, பையிலிருந்து ஒரு பாக்கெட் தேயிலையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அது அத்தைக்கு இல்லையாப்பா?" என்றேன்.

"நம்ம போறப்ப அதுக்குப் புதுசா வாங்கிக்கலாம். இவரு தூரம் போறாரு."

பத்து மணி பஸ்ஸில் அப்பா மடுல்சீமைக்குத் திரும்பினார். ஸ்டாண்டுக்குக்கூட நான் போகவில்லை. மாடி ஜன்னலில் நின்று கையாட்டினேன். அவர் மேலே பார்க்கவில்லை.

வெள்ளைக்காரர் ஊருக்குப் போய் நான்கு ஈமெயில் அனுப்பினார். அப்புறம் அவருக்கு அங்கேயே ஆபீஸில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்துவிட்டது. என் புரோகிராமை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று கேட்டால், கூசாமல் சொல்கிறேன், நான் ஒருவன். வேலை இல்லாமல் போன பிறகு நாங்கள் கிளம்பியிருக்கலாம். ஆனால் சுனாமி வந்து கரையோர ஊர்களையே அழித்துவிட்டுப் போன நேரம், பிறகு பார்க்கலாம் என்றேன். அப்புறம் அங்கங்கே குண்டு வெடித்தது, கொஞ்சம் அடங்கட்டும் என்றேன். அடங்கவில்லை. ரோடு மறுபடி மூடியது.

அதற்கடுத்த வருஷம், வவுனியாவிலிருந்து தெரியாத ஒருவர் வகுப்புக்குப் போன் செய்தார். அத்தை காய்ச்சலில் போய் இரண்டு மாதம் ஆகிவிட்டதாம். சேதி வந்து சேரவே அவ்வளவு நாள்.

மேலே போய்ச் சொன்னேன். அப்பா கேட்டது ஒன்றுதான். "கண்ணு தெரிஞ்சுச்சாமா கடைசியில?" எனக்குத் தெரியாது. போன் செய்தவரிடம் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பிணம் இல்லாத சாவு வீடு. ஆனாலும் லயத்து ஆட்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். நான் பாலில்லாத பிளேன் டீ ஊற்றித் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த காம்பராவில் இருந்த அக்கா, மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறவர், அப்பாவிடம் கேட்டார்.

"ஏங்க மாமா, ரோடு தெறந்திருந்தப்ப ஒரு எட்டுப் போயிட்டு வந்திருக்கலாம்ல? நாலு வருஷம் தெறந்துதானே கெடந்துச்சு?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. நாந்தான் முழங்காலு வலிக்குதுன்னு தள்ளிப் போட்டுட்டேன்."

"நல்லா இருக்கு நாயம்! கூடப் பொறந்தது அங்க காத்துக்கிட்டுக் கெடக்கு, இவருக்கு முழங்காலாம்."

"படிச்ச புள்ள கூட்டிட்டுப் போறேங்குது, அப்பவும் ஏறலியே மனுசன்" என்றார் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆமா, தப்புத்தான், ஆமா என்றார். அந்த லயத்தில் எனக்கு வாயாடி என்றுதான் பேர். இரண்டே வார்த்தை போதும், நான்தான் என்று சொல்ல. தட்டை அடுத்த ஆளிடம் நீட்டினேன். சீனி போதுமா என்று கேட்டேன்.