மாமியாருக்குச் சீக்கு என்றால் லீவு கிடையாது

நான் இங்கிலீஷ் படித்தவள் இல்லை. ஆனால் அந்தப் பாஷையில் காரணம் சொல்ல மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். என் வீட்டுக்காரர் தென்காசியில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. கையெழுத்தும் இங்கிலீஷும் அழகாக இருக்கும் என்று பேர் வாங்கியவர். ஆபீசில் யாருக்கு லீவு வேண்டுமானாலும் விண்ணப்பம் எழுதித் தருவது அவர்தான். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே எழுதுவார். அடுக்களையில் இருக்கிற என் காதில் விழாமல் எங்கே போகும்?

இன்னதனால் வர இயலவில்லை என்பதற்கு ‘ஓயிங் டு’. மேலதிகாரிக்கு அதுதான் மரியாதை. கல்யாணம், காதுகுத்து போன்ற வீட்டுக் காரியம் என்றால் ‘ஆன் அக்கவுண்ட் ஆஃப்’. ஒன்று இல்லாததால் காரியம் நின்றுபோனால் ‘ஃபார் வாண்ட் ஆஃப்’. குற்றாலத்துச் சர்க்கார் பங்களாவில் இடமில்லை என்று யாருக்காவது எழுதும்போது அதைப் போடுவார்.

கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அவருக்கோ பேச்சே குறைச்சல். அதனால் அந்த வார்த்தைகளை நான் பிடித்துக்கொண்டேன். "ஓயிங் டு ஈர விறகு, இன்னிக்குச் சோறு லேட்டு" என்பேன். "ஃபார் வாண்ட் ஆஃப் புளி, ரசம் இல்ல" என்பேன். அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அதைப் பார்ப்பதற்காகவே சில நாள் புளி வாங்காமல் இருந்திருக்கிறேன். பகலில் அவர் இல்லாதபோதும் சும்மா இருக்கமாட்டேன். "ஓயிங் டு சாரல், துணி காயல" என்று கொடியைப் பார்த்துச் சொல்வேன். சொல்லி முடித்ததும் வீடு முன்னைவிட வெறிச்சென்று ஆகிவிடும். எனக்கு அழுகை வரும்.

அது யுத்தகாலம். ஆனியில் சாரல் தொடங்கியதும், ஆலங்குளத்தில் என் அம்மா படுத்துவிட்டாள் என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு நான் ஒருத்திதான். அப்பா இல்லை, எனக்கு அண்ணன் தம்பியும் கிடையாது. எங்களில் பெண் பிறந்த வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் அங்கிருந்து ஆள் வந்து அழைக்கவேண்டும்; இல்லையென்றால் புருஷன் கொண்டுபோய் விடவேண்டும். தனியாகப் பஸ் ஏறினால், சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள் என்று ஊர் பேசும். படுத்துக் கிடக்கிறவள் காதில் அதுவும் விழவேண்டுமா?

"ரெண்டு நாள் லீவு போடுங்களேன்" என்றேன்.

"என்னன்னு போட?"

"எங்க அம்மைக்குச் சீக்குன்னு."

"ஏட்டி, மாமியாருக்குச் சீக்குன்னா அங்கன லீவு கிடையாது. சொந்த அம்மைக்குன்னாதான் குடுப்பாவ."

அது நிஜம். அந்த ஆபீசில் எல்லாருடைய அம்மாவுக்கும் மாசாமாசம் காய்ச்சல் வரும். அவற்றையெல்லாம் எழுதிக் கொடுப்பவர் இவர்தானே. ஆனால் இவருடைய அம்மா இறந்தபோது மேலதிகாரியே வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போயிருந்தார். பொய் சொல்வதற்குக்கூட இவருக்கு ஓர் அம்மா இல்லை. அதனால் என் அம்மாவை நான் பார்க்க வழியில்லை.

"உங்களுக்கே காய்ச்சல்னு எழுதுங்க."

"டாக்டர் சர்டிபிகேட் கேப்பாவ."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

அதுவும் நடக்காது. சீசனில் ஞாயிற்றுக்கிழமைதான் ஆக மோசம். பெரிய உத்தியோகஸ்தர்கள் குடும்பத்தோடு ஐந்தருவிக்குக் குளிக்க வருவார்கள். பங்களா, பால், எண்ணெய், தேய்த்துவிட ஆள் என்று இவர் குடையும் கையுமாக அலையவேண்டும்.

"ஊருக்கெல்லாம் காரணம் எழுதுதிய. எனக்கு ஒண்ணு கிடைக்கலையாக்கும்?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆடி முழுக்க அப்படியே போனது. ஆலங்குளத்துக்காரர் யாராவது கண்ணில் பட்டால், "வருதேன்னு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்புவேன். இதுவரை ஏன் வரவில்லை என்று சொல்லி அனுப்ப என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் தந்தி வந்தது. அம்மா போய்விட்டாள். அவர் உடனே விண்ணப்பம் எழுதினார். இந்தத் தடவை உரக்கச் சொல்லிப் பார்க்கவில்லை; உதடு மட்டும் அசைந்தது. அந்த அசைவிலேயே ஓயிங் டு எனக்குத் தெரிந்துவிட்டது. லீவு அப்போதே கிடைத்தது. மாமியார் சாகலாம், சீக்கில் விழத்தான் கூடாது. பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் ஏறி ஆலங்குளம் போனோம்.

நல்லவேளை, எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்தோம். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகை கொஞ்சம் ஓய்ந்தபோது, கடைசிவரை அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்த பக்கத்து வீட்டு அத்தை என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மக ஏன் வரலைன்னு கேக்கவங்களுக்கெல்லாம் அவளே பதில் சொல்லிட்டுக் கெடந்தா. மொதல்ல, அங்கன மழை பெருசா இருக்கு, பஸ்ஸு வரலைன்னா. பெறகு, மருமகனுக்கு வேலை சாஸ்தி, விடமாட்டாவன்னா. கடைசியில, எம்மக முழுகாம இருக்கா, பஸ்ஸுல குலுங்கக் கூடாது, நான்தான் வராதேன்னு சொல்லிவிட்டேன்னா."

சொல்லிவிட்டு அத்தை என் வயிற்றைப் பார்த்தாள்.

எனக்கு ஒரு காரணமும் கிடைக்காத நாளெல்லாம் அம்மா எனக்காக ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள். கடைசியில் சொன்னது அவளுடைய ஆசை. அவள் அங்கே கண்மூடிக் கிடந்தாள். அவளைப் பொய் சொன்னவளாக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆமா அத்தை. அவதான் வராதேன்னு சொன்னா" என்றேன். "ஆனா அது தங்கல."

அத்தை என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து அழுதாள். சுற்றி இருந்தவர்களும் அழுதார்கள். எப்போதுமே இல்லாத ஒரு பிள்ளைக்காக நானும் அவர்களோடு சேர்ந்து அழுதேன்.

வாசலில் ஆண்களோடு நின்றிருந்த என் வீட்டுக்காரருக்கு அது கேட்டது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.